முழு விலைக்கு விற்கப்படும் ஒத்திகை: பிராட்வே தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிராட்வே தயாரிப்பாளர்களுக்கும் அரங்க உரிமையாளர்களுக்கும்,

“கேட்டால் மட்டும் இது பிரிவியூ என்று சொல்லுங்கள். கேட்காதவர்களிடம் நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டாம்.” கடந்த மாதம், கதவு திறப்பதற்கு முன் எங்களை வரிசையாக நிற்கவைத்துச் சொன்ன கட்டளை இது. பிரிவியூ என்றால் நாடகம் முறைப்படி தொடங்கும் முன் போடும் சோதனைக் காட்சி. இதற்குத் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்க என்னால் முடியவில்லை.

நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில், டைம்ஸ் சதுக்கத்தை ஒட்டிய அரங்கு ஒன்றில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். டிக்கெட்டைப் பார்ப்பது, கையில் பிளேபில் என்ற நாடகக் கையேட்டைக் கொடுப்பது, இருட்டில் டார்ச் அடித்து இருக்கை காட்டுவது என் வேலை. எந்த அரங்கு, எந்த நாடகம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அந்த ஒருவர் மேல் பழியைப் போட்டுவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வீர்கள். இந்த மடலின் ஆங்கிலப் படியை உங்கள் அலுவலகங்களுக்கு அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. பக்கத்து நியூஜெர்சியின் எடிசனிலிருந்தும் ஜெர்சி சிட்டியிலிருந்தும், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு வரும் தமிழ்க் குடும்பங்களை வாரந்தோறும் பார்க்கிறேன். நாலு பேருக்கு டிக்கெட் என்றால் பல நூறு டாலர். எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

பிராட்வேயில் ஒரு நாடகம் முறைப்படி தொடங்கும் முன் சில வாரங்கள் பிரிவியூ நடக்கும். பகலில் ஒத்திகை, இரவில் காசு கொடுத்த கூட்டத்தின் முன் காட்சி. எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எங்கே நெளிகிறார்கள் என்று பார்த்து மறுநாள் வசனத்தையும் பாட்டையும் மாற்றுவார்கள். இந்த வழக்கத்தில் எனக்குக் குறையில்லை. மேடைக் கலைக்கு அது வேண்டும். ஆனால் டன் கணக்கில் எடையுள்ள தளங்களையும், ஆட்களைத் தூக்கிப் பறக்கவிடும் கம்பிகளையும் அதே வழக்கத்துக்குள் கொண்டுவந்து, அதைச் சொல்லாமல் முழு விலைக்கு விற்கிறீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

அந்தக் கட்டளை இட்ட இரவு நடந்ததைச் சொல்கிறேன். முதல் பாதியில் மேலிருந்து இறங்க வேண்டிய தளம் பாதி வழியில் நின்றது. அதன் மேல் இடுப்பில் பெல்ட் கட்டிய நடிகர்கள் இருவர். இசைக்குழு வாசிப்பை நிறுத்தியது. சற்றுப் பொறுக்கும்படி ஒலிபெருக்கியில் ஸ்டேஜ் மேனேஜரின் குரல். நான் நின்ற வரிசை ஓரத்தில் ஒரு சிறுமி தன் தாத்தாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, “இதுவும் கதையா தாத்தா?” என்று கேட்டாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னிடம் பதில் இல்லை. வெகுநேரம் கழித்து இருவரையும் இறக்கினார்கள். அதில் ஒரு பெண் வலது மணிக்கட்டை இடது கையால் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி நடந்து போனதை முன்வரிசை முழுக்கப் பார்த்தது. பிறகு அந்தக் காட்சியை விட்டுவிட்டு நாடகத்தைத் தொடர்ந்தார்கள். என்ன ஆயிற்று என்று அரங்குக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முடிந்து வெளியே போனவர்களில் பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் குறைவு. “அந்தப் பொண்ணுக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டவர்கள்தான் அதிகம். இரண்டு கேள்விக்கும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்றுதான்: பாக்ஸ் ஆபீஸில் கேளுங்கள். அங்கே கேட்டவர்களுக்கு, நாடகம் முடிவுவரை நடந்துவிட்டதால் பணமும் கிடையாது, வேறு தேதியும் கிடையாது என்ற பதில் கிடைத்தது. அந்த வாரமே பிரிவியூ காலத்தை நீட்டித்தார்கள். விலையில் ஒரு டாலர் குறையவில்லை.

இதெல்லாம் எங்கே பழகியது என்று யோசித்தால் நினைவு 2010ஆம் ஆண்டு நவம்பர் 28க்குப் போகிறது. 42ஆம் தெருவில் அப்போது ஃபாக்ஸ்வுட்ஸ் என்ற பெயரில் இருந்த அரங்கில் ‘ஸ்பைடர்-மேன்: டர்ன் ஆஃப் தி டார்க்’ இசை நாடகத்தின் முதல் பிரிவியூ. இயக்கம் ஜூலி டேமோர். இசை யு2 குழுவின் போனோவும் தி எட்ஜும். செலவு அப்போதே 6.5 கோடி டாலர், பின்னால் அது 7.5 கோடியைத் தொட்டது. பிராட்வே அதுவரை கண்டிராத தொகை. பறக்கும் கருவிகளையெல்லாம் அந்த ஒரு கட்டடத்துக்காகவே பொருத்தியிருந்ததால், வழக்கம்போல் வேறு ஊரில் முதலில் போட்டுப் பார்த்துவிட்டு நியூயார்க் வர வழியில்லை. வெள்ளோட்டம் பார்க்க வேண்டிய பொறுப்பு நியூயார்க் பார்வையாளர் தலையில் விழுந்தது, அவர்கள் காசிலேயே.

அன்று திரை விலகும் முன் தயாரிப்பாளர் மைக்கேல் கோல் மேடைக்கு வந்து, நாடகம் இடையில் நிற்கக்கூடும் என்று சொன்னார். இன்று என் அரங்கில் நடப்பதோடு ஒப்பிட்டால் அந்த அளவுக்காவது நேர்மை இருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். நாடகம் ஐந்து முறை நின்றது. முதல் பாதி, ஸ்பைடர்-மேன் கூட்டத்தின் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்க, கீழே நின்ற ஊழியர்கள் எட்டி எட்டி அவர் காலைப் பிடிக்க முயன்றுகொண்டிருக்க, அப்படியே முடிந்தது. அதே இரவில், கதையில் வரும் சிலந்திப் பெண் அராக்னி வேடத்தில் நடித்த நடாலி மெண்டோசாவின் தலையில் மேடையோரம் ஒரு கயிறு வந்து அடித்து மூளை அதிர்ச்சி ஏற்பட்டது. அந்த மாதிரி ஒரு காயத்தோடு அவர் மேடையில் நிற்கிறார் என்பது உட்கார்ந்திருந்த யாருக்கும் தெரியாது. அடுத்த மாதமே அவர் நாடகத்தை விட்டு விலகினார்.

அந்த இரவைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் குறிப்பிடும் சம்பவம் ஒன்று உண்டு. இரண்டாம் பாதியில் நாடகம் நின்றிருந்தபோது ஒரு பெண்மணி, தன்னைச் சோதனை எலி மாதிரி நடத்துவதாக இருக்கிறது, இது ஒத்திகை பார்ப்பது போல இருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சுற்றி இருந்தவர்கள் கூச்சலிட்டு அவரை அடக்கினார்கள்.

உங்கள் துறையில் பலர் இந்தச் சம்பவத்தை உங்களுக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டார்கள்: பார்த்தீர்களா, கூட்டம் நம் பக்கம்தான், ஒருவர் முணுமுணுத்தால் மற்றவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று. வரிசை ஓரத்திலேயே நின்று கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பழகியவள் சொல்கிறேன், அது தவறான கணக்கு. அந்தப் பெண் சொன்னது உண்மை. அவரை அடக்கியவர்கள் செய்ததும் எனக்குப் புரிகிறது. அவர்கள் மேடையில் திண்டாடிக்கொண்டிருந்த நடிகர்களுக்காகக் கூச்சல் போட்டார்கள். நடிப்பவர் வியர்த்து நிற்கும்போது அவர் காதுபடக் குறை சொல்லாதே என்பது நாடகம் பார்ப்பவர்களுக்கு ரத்தத்தில் ஊறிய மரியாதை. தளம் நின்றுபோன அந்த இரவில் எங்கள் அரங்கிலும் அதே மரியாதையைத்தான் பார்த்தேன். நடிகர்களை இறக்கியதும் முதலில் எழுந்து நின்று கைதட்டியது யார் தெரியுமா? எங்கள் வாசலில் மிகவும் கோபமாகச் சத்தம் போட்ட அதே மனிதர். அந்தக் கைதட்டலை உங்கள் நிர்வாகத்துக்குக் கிடைத்த ஒப்புதலாக எடுத்து வரவில் எழுதாதீர்கள்.

டிசம்பர் 20 இரவுக்கு வருகிறேன். காட்சி முடியும் தறுவாயில், பாலத்துக் காட்சியில், கிறிஸ்டோபர் டியர்னி என்ற நடிகர் மேடை அமைப்பின் விளிம்பிலிருந்து 20 அடிக்கு மேல் கீழே பள்ளத்தில் விழுந்தார். அவர் பெல்ட்டிலிருந்து போன கயிற்றின் மறுமுனை எதிலும் மாட்டப்படவில்லை. மண்டையோடு, விலா எலும்புகள், முதுகெலும்பு எல்லாம் முறிந்தன. அவர் விழுந்தது கதையின் பகுதி என்றே சிலர் முதலில் நினைத்ததாக உள்ளே இருந்தவர்கள் பிறகு செய்தியாளர்களிடம் சொன்னார்கள். “இதுவும் கதையா தாத்தா?” என்ற கேள்வி அன்று அந்த அரங்கிலும் எத்தனையோ பேர் மனதில் எழுந்திருக்கும். ஒரு மனிதர் உயிருக்குப் போராடுகிறாரா, நடிக்கிறாரா என்று தெரியாமல் உட்காரவைப்பது, காசு கொடுத்து வந்தவர்களுக்குச் செய்யும் பெரிய அநியாயம். டியர்னி தேறி அடுத்த ஆண்டே மேடைக்குத் திரும்பினார். அது அவர் மனவலிமை.

அதன் பிறகு அரசு ஆய்வாளர்களும் நடிகர் சங்கமும் நுழைந்து புதிய ஏற்பாடு செய்தார்கள். கயிறும் பெல்ட்டும் சரியாக மாட்டியிருக்கிறதா என்று இரண்டாவது ஆள் ஒருவர் பார்க்க வேண்டும், நடிகரும் வாய்விட்டுச் சரி என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான். கோடிக்கணக்கான டாலர் செலவில், ஒரு ஆள் இன்னொரு ஆளின் முடிச்சைத் தொட்டுப் பார்ப்பதற்கு என்ன செலவாகியிருக்கும்? ஏன் அது முதல் நாளே இல்லை? 2011 மார்ச்சில் மத்திய அரசின் பணியிடப் பாதுகாப்புத் துறை, மூன்று கடுமையான விதிமீறல்களுக்காகத் தயாரிப்பு நிறுவனத்துக்கு விதித்த அபராதம் 12,600 டாலர். அந்த நாடகத்தின் நல்ல இருக்கைகள் அப்போது 140 டாலர் வரை விற்றன. அப்படிப் பார்த்தால் அபராதத் தொகை தொண்ணூறு இருக்கைகளின் விலை. அரங்கில் இருந்தவையோ 1,900க்கு மேல்.

கூட்டம் குறைந்ததா? இல்லை, கூடியது. தொலைக்காட்சியில் இரவு நிகழ்ச்சி நடத்துபவர்கள் எல்லாம் அதை வைத்துச் சிரித்தார்கள். மருத்துவமனைக் கட்டில்களில் கட்டுப் போட்ட ஸ்பைடர்-மேன்கள் படுத்திருக்கும் ஓவியம் ஒரு பெரிய வார இதழின் அட்டையில் வந்தது. யாராவது விழுவார்களா என்று பார்க்கவே டிக்கெட் வாங்கியவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் எல்லோரையும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். விடுமுறைக்கு மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்தவர்கள், பிள்ளைக்குப் பிடித்த நாயகன் என்று வந்தவர்கள், யு2 பாட்டுக்காக வந்தவர்கள் எல்லாரும் அதே வரிசைகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

தொடக்க விழாவைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். டிசம்பர் 21 ஜனவரி 11 ஆயிற்று, பிறகு பிப்ரவரி 7, பிறகு மார்ச் 15, கடைசியில் 2011 ஜூன் 14. பிப்ரவரியில் விமர்சகர்கள் பொறுமை இழந்து, அழைப்புக்குக் காத்திருக்காமல் தாங்களே டிக்கெட் வாங்கிப் பார்த்து எழுதிவிட்டார்கள். அது மரபு மீறல் என்று தயாரிப்பாளர்கள் வருத்தப்பட்டார்கள். நாடகம் தயாராகும்வரை விமர்சகரை அழைக்காமல் காத்திருக்கும் மரபு உண்டு. காசு கொடுத்த குடும்பத்துக்காகக் காத்திருக்கும் மரபு ஏன் இல்லை? மார்ச்சில் டேமோர் விலக்கப்பட்டார். ஏப்ரல் நடுவில் மூன்று வாரங்களுக்கு மேல் அரங்கை மூடி, கதையையே திருத்தினார்கள். கதை சொல்லும் இளைஞர் கூட்டத்தை எடுத்துவிட்டார்கள், அராக்னியின் பகுதியைக் குறைத்தார்கள். அதற்கு முன் பார்த்தவர்கள் அதே விலை கொடுத்துப் பார்த்தது, தயாரிப்பாளர்களே வேண்டாம் என்று தூக்கிப் போட்ட நாடகத்தை. மொத்தம் 182 பிரிவியூ காட்சிகள். அதற்கு முன் இருந்த உச்சம், 1991இல் இன்னொரு இசை நாடகத்தின் 71.

2011 இறுதியில், புத்தாண்டை ஒட்டிய ஒரே வாரத்தில் 29 லட்சம் டாலருக்கு மேல் வசூல். பிராட்வே அதுவரை காணாத வார வசூல். நீங்கள் படித்துக்கொண்ட பாடம் இந்த எண்ணிலிருந்துதான் வந்திருக்கிறது என்று அஞ்சுகிறேன். மீதியையும் சேர்த்துப் படியுங்கள். 2013 ஆகஸ்டில் இன்னொரு நடனக் கலைஞரின் கால் மேடை இயந்திரத்தில் சிக்கி நசுங்கியது, அன்றைய காட்சி பாதியில் முடிந்தது. 2014 ஜனவரி 4இல் நாடகம் மூடப்பட்டபோது முதலீட்டாளர்களின் இழப்பு 6 கோடி டாலர் வரை இருக்கும் என்று செய்திகள் வந்தன. அவ்வளவு கூட்டம் வந்தும் போட்ட முதலீடு திரும்பவில்லை.

பிரம்மாண்டம் எனக்குப் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். 2012 கோடையில் தங்கை மகனை அந்த நாடகத்துக்கு அழைத்துப் போனேன். வில்லன் கிரீன் காப்ளினோடு சண்டை எங்கள் தலைக்கு மேலேயே நடந்தது. ஸ்பைடர்-மேன் பறந்து வந்து பால்கனிப் பக்கம் இறங்கியபோது, பக்கத்திலிருந்த பெரியவர்கள்கூடக் குழந்தை மாதிரி கையை நீட்டினார்கள். பயல் என் முழங்கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டான். ஜார்ஜ் சிபினின் அரங்க அமைப்பில் நியூயார்க் நகரமே சாய்ந்து விரிந்த அழகை இன்றும் மறக்கவில்லை. அரங்கில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை அண்ணாந்து பார்க்கவைக்கும் சக்தி உங்களிடம் இருக்கிறது. அந்தச் சக்தியை மதிக்கிறேன், அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. அன்று என்னால் பயமில்லாமல் அண்ணாந்து பார்க்க முடிந்ததற்குக் காரணம், யாரோ ஒரு ஊழியர் இன்னொருவர் மாட்டிய கொக்கியைத் தொட்டுப் பார்த்திருந்தார்.

இனி நான் கேட்பவை.

முதலில், கேட்டால் மட்டும் சொல்லுங்கள் என்ற அந்தக் கட்டளையை எல்லா அரங்குகளிலும் ரத்து செய்யுங்கள். பிரிவியூ என்றால் டிக்கெட் விற்கும் பக்கத்தில், விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள். டிக்கெட்டிலும் வாசலிலும் போடுங்கள். இயந்திரக் காட்சிகள் நிற்கக்கூடும், மாறக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெரிந்து வருபவர்கள் வரட்டும். பிரிவியூ பார்ப்பதையே விரும்பும் ரசிகர்கள் இந்த ஊரில் ஏராளம். கேட்காதவர்களிடமும் அதைச் சொல்லும் உரிமை எங்களுக்கு வேண்டும்.

பிரிவியூவுக்கு விலையைக் குறையுங்கள். எத்தனை காட்சிகள் என்று முன்கூட்டியே அறிவியுங்கள். அதைத் தாண்டி நீட்டித்தால், நீட்டித்த ஒவ்வொரு காட்சிக்கும் பாதி விலைக்கு மேல் வாங்காதீர்கள். தொடக்க விழாவைத் தள்ளிப்போடும் செலவு உங்கள் மேலும் விழுந்தால்தான் அவசரமும் நிதானமும் சரியாக வரும்.

இயந்திரக் கோளாறால் ஒரு காட்சியை விட்டுவிட நேர்ந்தாலோ, நாடகம் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றாலோ, பணமோ வேறு தேதியோ பார்வையாளர் விருப்பப்படி கொடுங்கள். பெயர் பெரிதாகப் போட்ட நட்சத்திரம் வராவிட்டால் பணத்தைத் திருப்பித் தரும் நடைமுறை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை இதற்கும் விரித்தால் போதும்.

யாருக்காவது அடிபட்டால் அந்த இடத்திலேயே அரங்குக்குச் சொல்லுங்கள்: இது நாடகத்தின் பகுதி இல்லை, ஒருவருக்குக் காயம், மருத்துவ உதவி வந்துகொண்டிருக்கிறது. பெயரோ விவரமோ வேண்டாம். இந்த மூன்று வாக்கியங்கள் போதும். விபத்தைப் படம் பிடித்தவர்களின் காணொளிகளை உங்கள் விளம்பரத்துக்கு எந்த வடிவிலும் பயன்படுத்தாதீர்கள்.

ஆட்களைத் தூக்கிப் பறக்கவிடும் ஒவ்வொரு காட்சியும் காலி அரங்கில், முழு உடையோடும் முழு வேகத்தோடும், தொடர்ந்து பிழையில்லாமல் நடந்து முடிந்த பிறகே டிக்கெட் வாங்கியவர்கள் முன் வரட்டும். கயிற்றைப் பிடிக்கும் ஊழியரும் அதில் தொங்கும் நடிகரும் வேண்டாம் என்றால் அந்தக் காட்சி அன்று இல்லை. அதை மாற்றும் அதிகாரம் தயாரிப்பாளர் உட்பட யாருக்கும் இருக்கக் கூடாது. இதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

வரும் இலையுதிர்காலத்தில் புதிய நாடகங்களின் பிரிவியூ தொடங்கும் முன், இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் என்று பொதுவில் எழுத்தில் பதில் தாருங்கள். இந்த மடலை எழுதியது யார் என்று எங்கள் அரங்கு ஊழியர்களிடம் விசாரிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

நியூயார்க் அரங்கு ஊழியர் ஒருவர்